ஜப்பானிய உணவகத்தில் நீங்கள் குடிக்கும் 'வெஜ்' சூப் நிஜமாகவே வெஜ்தானா? ஆர்டர் செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜப்பானிய உணவகம். பத்துப் பன்னிரண்டு மேஜைதான் இருக்கும். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து 'இராஷ்ஷாய்மாசே' என்று ஒரு குரல், உட்கார்ந்ததும் கைக்கு ஒரு சூடான ஈரத் துண்டு. முதல் தடவை டீம் லஞ்சுக்குப் போனீர்கள். அப்புறம் சம்பளம் வந்த வாரத்தில் ஒருமுறை. இப்போது மாசத்துக்கு இரண்டு தடவையாவது போகாவிட்டால் என்னமோ போல் இருக்கிறது. குருகிராம், பெங்களூரு, சென்னை, புனே என்று வேலைக்காக ஊர் மாறிய பலருக்கு இப்படி ஒரு 'நம்ம கடை' இருக்கிறது.

குருகிராமில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இருந்தது. பிறந்ததிலிருந்தே சைவம். மூன்று வருஷம் அந்தக் கடையில் வெஜ் உடோனும் மிசோ சூப்பும் சாப்பிட்டார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த சர்வர் ஒருவர், "சார், நீங்க வெஜ்தானே? இந்த சூப்ல மீன் இருக்கே" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். நண்பர் ஸ்பூனைக் கீழே வைத்தவர்தான். அந்தக் கடைப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. முதல் நாளே நண்பர் "இதுல மீட் இருக்கா?" என்று கேட்டிருந்தார். "நோ மீட்" என்று பதில் வந்தது. இருவருமே உண்மையாகத்தான் பேசினார்கள். சிக்கல் எங்கே என்று புரிய, ஜப்பானிய சமையலின் அடியில் இருக்கும், மெனு கார்டில் பெரும்பாலும் எழுதப்படாத ஒரு பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் தாஷி.

தாஷி என்றால் என்ன?

நம் சமையலில் புளித்தண்ணீர் எப்படியோ, அப்படி ஜப்பானிய சமையலில் தாஷி. எதைச் செய்தாலும் அதில் கொஞ்சம் சேரும். இரண்டு பொருள்களை வைத்து எடுக்கப்படும் சாறு அது. ஒன்று கொம்பு. மாட்டுக் கொம்பு இல்லை, பயப்பட வேண்டாம். அகலமான, காய்ந்த கடற்பாசியின் ஜப்பானியப் பெயர் அது. இன்னொன்று கட்சுவோபுஷி. சூரை மீன் வகைகளில் ஒன்றை வேகவைத்து, விறகுப் புகையில் திரும்பத் திரும்பக் காட்டி, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்து, இழைப்புளி போட்டு மரம் சீவுவதுபோல் மெல்லிய சுருள்களாகச் சீவியது. உயர்ந்த ரகத்தில் ஒருவிதப் பூஞ்சையை வேண்டுமென்றே படியவிட்டு, மாதக்கணக்கில் வெயிலில் வைத்து எடுப்பார்கள்.

இது எங்கேயோ கேள்விப்பட்டது போல இருக்கிறதா? தென் தமிழகக் கடலோரத்துக்காரர்களுக்கு மாசிக் கருவாடு தெரிந்திருக்கும். லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் அதே ரகச் சூரையை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்துச் செய்வதுதான் மாசி. பூஞ்சை வேலையும் சுருளாகச் சீவுவதும் மட்டும்தான் அதில் கிடையாது. இடித்துச் சம்பலில் போட்டால் ஒரு சட்டிச் சோறு இறங்கும் என்பார்கள். கட்சுவோபுஷியும் அதே சொந்தம்தான்.

தாஷி எடுக்கிற முறை எளிது. கொம்பைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகச் சூடாக்குவார்கள். கொதி வருவதற்கு முன் கொம்பை எடுத்துவிட்டு, கட்சுவோபுஷி சுருள்களைப் போட்டு, சில நிமிஷத்தில் வடிகட்டிவிடுவார்கள். இது முதல் தாஷி. தெளிவான சூப்புகளுக்கு இது. அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் இரண்டாம் தாஷி. மிசோ சூப், காய்கறிக் குழம்பு மாதிரியானவற்றுக்கு அது போதும். தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் எடுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொம்பில் ஏன் இவ்வளவு ருசி? 1908-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனே இகேடா அதைத்தான் ஆராய்ந்தார். கொம்பிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அது வெள்ளைத் தூளாகக் கடைக்கு வந்தது. அதன் பிராண்டு பெயர்தான் நம்மூர் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் நாம் திட்டிக்கொண்டே சாப்பிடும் அஜினோமோட்டோ. கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்ற வேறொரு பொருள். இரண்டும் சேரும்போது நாக்குக்குத் தெரியும் ருசி பல மடங்கு கூடுகிறது. சமையல்காரர் மீனைத் தவிர்க்கத் தயங்குவது இதனால்தான். அவர் பார்வையில் அதை எடுத்துவிட்டால் பாதி ருசி போய்விடும்.

'மீட் இல்லை' என்பதற்கு அங்கே என்ன அர்த்தம்?

கி.பி. 675-ல் ஜப்பானியப் பேரரசர் தெம்மு ஒரு தடை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றை வருஷத்தின் சில மாதங்களில் உண்ணக் கூடாது. பௌத்தத்தின் தாக்கம் அது. பின்னால் வந்தவர்களும் இப்படித் தடைகள் போட்டார்கள். நடுவில் வேட்டை இறைச்சி தின்றவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் நாலுகால் பிராணிகளைத் தின்பது பொதுவில் மதிக்கப்படவில்லை. 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியான பிறகுதான் நிலைமை வேகமாக மாறியது.

தெம்முவின் இந்தத் தடைப் பட்டியலில் மீன் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக 'இறைச்சி' ஒரு பக்கம், மீன் இன்னொரு பக்கம். அதிலும் தாஷியில் மீன் துண்டு ஒன்றும் மிதக்காது, வடிகட்டிய சாறுதான். ஆகவே "மீட் இருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று வரும் பதில் அவர்கள் கணக்கில் சரி. மீன் சாப்பிடும் வங்காளப் பிராமணர்களோடு ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

அப்படியென்றால் ஜப்பானில் சுத்த சைவமே இல்லையா? இருக்கிறது. ஜென் மடாலயங்களின் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். 1237-ல் டோகென் என்ற ஜென் துறவி மடத்துச் சமையல்காரரின் கடமைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அங்கே தாஷி கொம்பிலும் காய்ந்த ஷிடாகே காளானிலும் எடுக்கப்படும். பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஜைன நண்பர்களைக் கூட்டிப்போகும்போது இது சரிவரும் என்று நினைக்க வேண்டாம்; முள்ளங்கி, கேரட் மாதிரிக் கிழங்குகள் தாராளமாகப் போடுவார்கள்.

எதில் இருக்கும், எதில் இருக்காது?

மிசோ சூப்பில் அநேகமாக இருக்கும். உடோன், சோபா நூடுல்ஸின் குழம்பிலும் அப்படியே. வெஜ் டெம்புரா ஆர்டர் செய்தால் காய் காய்தான், ஆனால் கூட வரும் பழுப்பு நிறச் சாறு தாஷியில் செய்தது. எண்ணெயும் இறால் பொரித்ததாக இருக்கலாம். அகெதாஷி டோஃபு என்ற பெயரிலேயே தாஷி இருக்கிறது. கீரையை வேகவைத்துக் குளிர வைத்து வரும் ஓஹிதாஷியில் அந்தக் கீரை ஊறுவதே தாஷியில்தான். முட்டை சாப்பிடுவேன், மீன் வேண்டாம் என்பவர்கள் அந்த இனிப்பான முட்டைச் சுருளை நம்பி எடுப்பார்கள். அதிலும் பெரும்பாலும் கலந்திருக்கும். என்னை ரொம்ப ஏமாற்றியது இனாரி சுஷி. டோஃபு பையில் சோறு அடைத்தது, இதில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். அந்த டோஃபுப் பையை வேகவைப்பது பல இடங்களில் தாஷியும் சோயா சாஸும் கலந்த சாற்றில்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை? வெள்ளரிக்காய் ரோல், அவகாடோ ரோல், உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே, வெறும் சோறு. சுஷி சோற்றில் போடுவது வினிகர், சர்க்கரை, உப்பு. 'சுஷி' என்ற சொல் குறிப்பதே இந்தப் புளிப்புச் சோற்றைத்தான். பச்சை மீன் மட்டும் தனியாக வந்தால் அது சஷிமி. மேலே மயோனைஸ் போட்டால் முட்டை உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் என்று நினைத்தால் தப்பு. மிரின், சாகே இரண்டும் அரிசி மதுக்கள். தெரியாகி சாஸிலிருந்து பல சாறுகளில் சேரும். மதுவைத் தவிர்க்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. தொன்கட்சு என்றால் பன்றி கட்லெட். தொன்கொட்சு என்றால் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெள்ளைக் குழம்பு. 'வெஜிடபிள் ராமென்' என்று போட்டு, காயை மேலே அடுக்கி, கீழே இந்தக் குழம்பையே ஊற்றும் கடைகளும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு: சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கிறது.

நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்யும் ஜப்பானியக் கறிக்கும் இது பொருந்தும். குழம்பைக் கெட்டியாக்கும் கட்டியில் கோதுமை மாவும் கொழுப்பும் உண்டு. சில பிராண்டுகளில் அது விலங்குக் கொழுப்பு. இந்தக் கறி ஜப்பானுக்கு ஆங்கிலேயர் வழியாகப் போனது. நம் பக்கத்துக் கறி நேராகப் போனதற்கும் ஒரு கதை உண்டு. 1912-ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோ ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற பேக்கரிக் குடும்பம் அவரை ஒளித்துவைத்தது. அந்த வீட்டுப் பெண்ணையே அவர் மணந்தார். கடை 1927-ல் உணவகம் தொடங்கியபோது, அவர் சொல்லிக்கொடுத்த கோழிக் கறி மெனுவில் ஏறியது. இன்றும் அங்கே கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டத்தில் குழப்பமே இல்லை. பால், பால் பொருள்கள், தேன் தவிர, விலங்கிலிருந்து வந்த எது சேர்ந்தாலும் அசைவம். மீனும் முட்டையும் அதில் அடக்கம். ஆக, கட்சுவோபுஷி தாஷி ஊற்றிய சூப் அசைவம்தான். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிளிங் விதிகள், 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும், ஒவ்வாமை தரும் பொருள்களையும் சொல்ல வேண்டும் என்கின்றன. நீங்கள் போகும் ஒற்றைக் கிளைக் கடை இந்த வலையில் சிக்காது. அங்கே மெனுவில் இருக்கும் பச்சைப் புள்ளியைக் கடைக்காரரின் புரிதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேட்பதுதான் வழி. "வெஜ்ஜா?" என்றோ "மீட் இருக்கா?" என்றோ கேட்காதீர்கள். "தாஷி எதுல எடுக்கறீங்க? கட்சுவோபுஷி போடறீங்களா?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்ததும் பதிலும் நேராக வரும். "மீனை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க" என்பது நடக்காத காரியம்; தாஷி ஒரே பெரிய பாத்திரத்தில் மொத்தமாக எடுத்து வைக்கப்படுவது. கொம்பு தாஷி தனியாக வேண்டுமென்றால் முந்தின நாளே போன் செய்து சொல்லுங்கள். கொம்பை ஊறப்போட்டால் போதும், பெரிய வேலை இல்லை. வழக்கமாக வருகிறவர் கேட்டால் சின்னக் கடைகள் பல சமயம் செய்து தருகின்றன. கூட்டம் அலைமோதும் சனிக்கிழமை ராத்திரியில் கேட்டால் கிடைக்காது.

பச்சை மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் 'சுஷி கிரேடு' என்ற வார்த்தையை நம்பி வேண்டாம். அது வியாபாரச் சொல், அரசு கொடுக்கும் தரச் சான்று இல்லை. கேட்க வேண்டியது மீன் உறையவைக்கப்பட்டதா என்பது. கடல் மீன்களில் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்தால் அது செத்துப்போகும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் கணக்கு. வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரை இதற்கு நம்ப முடியாது. 'ஃப்ரெஷ், ஃப்ரோசன் இல்லை' என்று ஒரு கடை பெருமையடித்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். உறையவைப்பது புழுவைக் கொல்லும், பாக்டீரியாவைக் கொல்லாது. ஆகவே கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

சால்மன் சுஷி காலங்காலமாக வந்த ஜப்பானியப் பதார்த்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே சால்மனைச் சுட்டும் உப்புப் போட்டும்தான் சாப்பிட்டார்கள். பண்ணையில் வளர்த்த சால்மனை விற்க வந்த நார்வேக்காரர்கள்தான் 1980-களில் அதைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கத்தைப் பரப்பினார்கள்.

தட்டோரத்தில் இருக்கும் பச்சை உருண்டை வசாபியும் பெரும்பாலும் வசாபி இல்லை. குதிரை முள்ளங்கி என்ற வேரும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்தது. மூக்கில் ஏறும் அந்தச் சுறுக்கென்ற காரம், அரைத்த கடுகில் இருக்கும் அதே வேதிப்பொருள்தான்.

சமைப்பது யார்?

இந்தியாவில் ஜப்பானியக் கடைகள் இரண்டு வழியில் வந்தன. ஒன்று, நட்சத்திர ஹோட்டல். மும்பை தாஜில் செஃப் மசாஹாரு மொரிமோட்டோவின் பெயரில் 2004-ல் திறந்த வசாபி அதில் பிரபலம். இன்னொன்று, ஜப்பானிய கம்பெனிகளைத் தொடர்ந்து வந்தது. குருகிராமில் 1983-ல் மாருதி கார் வெளிவரத் தொடங்கியது. பிடதியில் டொயோட்டா, ஒரகடத்தில் நிஸான், ராஜஸ்தானின் நீம்ரானாவில் ஜப்பானியத் தொழிற்பேட்டை என்று இன்ஜினியர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடக் கடைகள் வந்தன. உங்கள் கடை இந்த ரகம் என்றால், மதியம் தெய்ஷோகு என்று ஒரு செட் இருக்கும். சோறு, சூப், ஒரு முக்கியப் பதார்த்தம், ஊறுகாய். அவர்களுடைய 'மீல்ஸ்' அது. தனித்தனியாக ஆர்டர் செய்வதைவிடச் செலவு குறைவு, சமையல்காரரின் கையும் அதில்தான் தெரியும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பல கடைகளில் சமைப்பவர்கள் நேபாளம், டார்ஜிலிங், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். 'அப்போ ஒரிஜினல் இல்லையா?' என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாட்டோ என்ற புளித்த சோயாவின் வாசனைக்கு நாம் மூக்கைப் பிடிப்போம்; நாகாலாந்தின் ஆக்சோனியும் மணிப்பூரின் ஹவாய்ஜாரும் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அது வீட்டு வாசனை. மிசோவைக் கையாள நம்மைவிட அவர்களுக்கு உரிமை அதிகம்.

சாப்ஸ்டிக் பற்றி இரண்டே விஷயம். சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பு பொறுக்குவது அப்படித்தான். வாழை இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று நம் வீட்டில் சொல்லிக்கொடுப்பது மாதிரிதான் இதுவும். மற்றபடி சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பில் வந்ததும்

வெளியே தனியாக இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம். சாகேயும் பியரும் ஜிஎஸ்டியில் வராது, மாநில வரி தனி. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாகவே சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஜப்பானில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. இங்கே பரிமாறுகிறவர் நம்மூர்ச் சம்பளத்தில் இருப்பவர், உங்களுக்குத் தோன்றியதை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும்போது சமையலறைப் பக்கம் பார்த்து 'கோச்சிசோசமா' என்று சொல்வது அங்கே வழக்கம். விருந்தாளிக்காகப் பொருள் சேகரிக்க அங்குமிங்கும் ஓடியவர் என்ற அர்த்தத்திலிருந்து வந்த நன்றிச் சொல் அது. அடுத்த வாரம் கொம்பு தாஷியில் உடோன் வேண்டும் என்று கேட்பதாக இருந்தால், அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.